எருமை ஏன் மரத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது? கேம் ஏஐ கோளாறுகளுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் உட்கார்ந்து இரண்டு வருடமாக ஒரு சின்ன கேம் செய்துகொண்டிருக்கிறேன். கொழுந்து மூட்டையோடு ஒரு பெண் எடை போடும் இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும். மாலை நேரம், மூடுபனி, வழியெல்லாம் காட்டெருமைகள். கதை அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா மகனும் அவனுடைய கல்லூரி நண்பர்கள் இரண்டு பேரும் வருவார்கள், ஆளுக்கொரு எருமையைப் பழக்குவார்கள். அந்த எருமைகளும் என்னுடையவையும் செய்த கோளாறுகள்தான் கீழே இருப்பவை. நாங்கள் பயன்படுத்துவது கோடோ 4 என்ற கேம் எஞ்சின், அதாவது கேம் செய்யும் மென்பொருள். பயிற்சி கொடுத்துப் பழக்கும் சோதனைக்கு மட்டும் யூனிட்டி என்ற இன்னொரு எஞ்சினும், அதில் பயிற்சி கொடுப்பதற்கென்றே இருக்கும் எம்எல்-ஏஜென்ட்ஸும். வேறு எஞ்சின் என்றால் மெனுவின் பெயர்கள் மாறும், கோளாறுகள் பெரும்பாலும் இவைதான்.

## எதைத் திருத்துவதற்கும் முன்னால்

எருமை தப்பாக எதையாவது செய்ததும் "இதுக்கு மூளை பத்தல" என்று சொல்லிவிட்டு முடிவெடுக்கும் நிரலைத்தான் எல்லோரும் நோண்டுகிறார்கள். என் அனுபவத்தில் பாதிக்கு மேல் கோளாறு அங்கே இருப்பதில்லை. எருமைக்கு என்ன தெரிகிறது, தெரிந்ததை வைத்து என்ன முடிவெடுத்தது, முடிவெடுத்தபடி கால் நடந்ததா என்று மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். திரையில் தெரியாத வரை இதில் எதையும் ஊகிக்க முடியாது.

அதனால் எருமையின் தலைக்கு மேல் ஒரு லேபிள் வையுங்கள். இப்போது எந்த நிலையில் இருக்கிறது, ஆளிடமிருந்து எவ்வளவு தூரம், பாதையில் எத்தனை புள்ளி என்று மூன்றும் அதில் ஓடட்டும். கோடோவின் டீபக் மெனுவில் விசிபிள் கொலிஷன் ஷேப்ஸ், விசிபிள் நேவிகேஷன் இரண்டையும் டிக் செய்யுங்கள். எருமைக்குப் பாதை கேட்டுத் தரும் நேவிகேஷன்ஏஜென்ட்2டி நோடில் (நோட் என்றால் கோடோவில் கேமைக் கட்டும் ஒரு துண்டு) டீபக் எனேபிள்டை இயக்கினால் எருமை போக நினைக்கும் பாதை கோடாகவே தெரியும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் கீழே படிப்பதில் பிரயோஜனம் இல்லை.

## அறிகுறி: நின்ற இடத்தை விட்டு அசையவே இல்லை

லேபிளைப் பாருங்கள். நிலை "மேய்தல்" என்றே இருந்தால் அதற்கு உங்களைத் தெரியவில்லை. அது பார்வைக் கோளாறு, பார்வையைப் பற்றிக் கீழே "அளவுக்கு மீறிக் கெட்டிக்காரத்தனமாக" என்ற பகுதியில் இருக்கிறது. நிலை "பாய்தல்" என்று மாறியும் அசையவில்லை என்றால் பாதைப் புள்ளிகளின் எண்ணிக்கையைப் பாருங்கள்.

பூஜ்யமா? கேம் தொடங்கிய முதல் ஃபிரேமிலேயே பாதை கேட்டிருப்பீர்கள். கோடோவில் நேவிகேஷன் வரைபடம் அந்த நேரத்தில் இன்னும் தயாராகியிருக்காது, கேட்டால் வெறுங்கை. ரெடி ஃபங்ஷனில் (தொடக்கத்தில் ஒருமுறை ஓடுவது) ஒரு ஃபிசிக்ஸ் ஃபிரேம் அவெய்ட் செய்துவிட்டு, அதாவது காத்திருந்துவிட்டு, அப்புறம் இலக்கைக் கொடுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் நேவிகேஷன் ரீஜனை (நடக்கக்கூடிய பரப்பு) பேக் செய்தீர்களா, அதாவது முன்கூட்டியே கணக்கிட்டு வைத்தீர்களா, எருமையின் நேவிகேஷன் லேயரும் தரையின் லேயரும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

புள்ளிகள் இருக்கின்றன, ஆனால் நடக்கவில்லையா? வேகம் பூஜ்யம், அல்லது உடம்பை நகர்த்தும் மூவ் அண்ட் ஸ்லைட் ஃபங்ஷனைக் கூப்பிட மறந்திருக்கிறீர்கள். சிரிக்காதீர்கள், ஒரு மழைநாள் மதியம் முழுக்க எனக்கு அதில்தான் போனது.

## அறிகுறி: மரத்தின் மூலையில் முட்டிக்கொண்டு கால் மட்டும் ஓடுகிறது

பாதைக் கோடு மரத்தை உரசிக்கொண்டு போகும். கோட்டுக்கு அகலம் கிடையாது, எருமைக்கு உண்டு. நேவிகேஷன் பாலிகனை பேக் செய்யும்போது கொடுக்கும் ஏஜென்ட் ரேடியஸ் எருமையின் கொலிஷன் வட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. நேவிகேஷன்ஏஜென்ட் நோடிலும் ரேடியஸ் என்று ஒன்று உண்டு. அக்கா மகன் அதை 20 ஆக்கினான், 40 ஆக்கினான், 80 ஆக்கினான். எருமை அதே மரத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. அந்த ரேடியஸ் ஒன்றையொன்று இடிக்காமல் விலகுவதற்கு மட்டும்தான், பாதை கண்டுபிடிப்பதில் அதற்குப் பங்கே இல்லை. மாற்ற வேண்டியது பேக் செய்யும் இடத்தில்.

கட்டம் போட்ட வரைபடத்தில் பாதை தேட ஏஸ்டார்கிரிட்2டி பயன்படுத்துகிறீர்கள் என்றால் குறுக்கு நகர்வைப் பாருங்கள். இரண்டு பாறைகள் மூலையோடு மூலை தொட்டு நிற்கும்போது நடுவே குறுக்காகப் புகுந்துவிடலாம் என்று அது நினைக்கும். டயகனல் மோடில் "தடை எதுவும் இல்லாவிட்டால் மட்டும்" என்ற தேர்வு இருக்கிறது, அதை வையுங்கள்.

## அறிகுறி: நேற்று வரை சுற்றிப்போன சுவரை இன்று ஊடுருவிப் பாதை போடுகிறது

இதுவும் ஏஸ்டார்கிரிட்2டிக்காரர்களுக்கு. வரைபடத்தின் அளவையோ கட்டத்தின் அளவையோ மாற்றினால் அப்டேட்டைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் நீங்கள் தடை என்று குறித்து வைத்திருந்த எல்லாக் கட்டங்களும், கொடுத்திருந்த எடைகளும் (அந்தக் கட்டத்தில் நடக்க எவ்வளவு செலவு என்ற எண்) அழிந்துவிடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் அளவு, அடுத்து அப்டேட், கடைசியில் தடைகள்.

## அறிகுறி: பக்கத்து வழி இருக்க ஊரைச் சுற்றுகிறது, அல்லது செங்குத்துச் சரிவில் நேராக ஏறுகிறது

ஏஸ்டார்கிரிட்2டி பாதை தேடுவது ஏ ஸ்டார் முறையில். அதை 1968இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ரம் ரஃபேல் மூவரும் வெளியிட்டார்கள். ஷேக்கி என்ற ரோபோவை நடத்திக் காட்டிய ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. இதுவரை நடந்துவந்த செலவையும் இனி இருக்கும் தூரத்தின் ஊகத்தையும் கூட்டி, எது குறைவோ அந்தப் பக்கம் முதலில் தேடும். ஊகம் உண்மைத் தூரத்தைத் தாண்டக் கூடாது என்பதுதான் இதன் நிபந்தனை. தாண்டினால் வேகமாக ஒரு பாதை கிடைக்கும், ஆனால் அது குறைந்த செலவுப் பாதையாக இருக்கும் என்ற உறுதி போய்விடும். எட்டுத் திசையிலும் நடக்கவிட்டு ஊகத்தை மட்டும் மன்ஹாட்டன் முறையில் (குறுக்கே போகாமல் நேர்க் கட்டங்களை மட்டும் எண்ணுவது) வைத்தால் இதுதான் நடக்கும். நான்கு திசைக்கு மன்ஹாட்டன், எட்டுத் திசைக்குக் குறுக்கு நகர்வையும் சேர்த்து எண்ணும் ஆக்டைல்.

சரிவு வேறு விஷயம். மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், நேர்வழி குறுக்குவழி ஆகாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் எதற்கு இருக்கின்றன? கம்ப்யூட்டருக்கு அது தெரியாது, சமதளத்தில் ஒரு கட்டம், சரிவில் ஒரு கட்டம், இரண்டும் அதற்கு ஒன்றுதான். கட்டத்துக்கு எடை வைக்கும் செட் பாயின்ட் வெயிட் ஸ்கேல் கொண்டு சரிவுக் கட்டத்துக்கு 4, தேயிலைச் செடிக்கு நடுவே 2, ஒற்றையடிப் பாதைக்கு 1 என்று வைத்தோம். அடுத்த நிமிடமே எருமைகள் நம்மூர் எருமைகள் மாதிரி வளைந்து வளைந்து ஏறின. எடையை 1க்குக் கீழே மட்டும் இறக்காதீர்கள், மேலே சொன்ன நிபந்தனை உடைந்துவிடும்.

## அறிகுறி: நடுங்குகிறது

இரண்டு வகை நடுக்கம் உண்டு. லேபிளைப் பார்த்தால் எது என்று உடனே தெரிந்துவிடும்.

நிலையின் பெயர் "பார்த்தல், மேய்தல், பார்த்தல், மேய்தல்" என்று படபடவென மாறினால் முடிவெடுக்கும் இடத்தில் கோளாறு. ஆறு மீட்டருக்குள் வந்தால் நிமிர்ந்து பார், ஆறு மீட்டரைத் தாண்டினால் மேய் என்று ஒரே எல்லையை இரண்டுக்கும் வைத்திருப்பீர்கள். ஆள் சரியாக அந்தக் கோட்டில் நின்றால் எருமைக்குப் பைத்தியம் பிடிக்காமல் என்ன செய்யும்? உள்ளே நுழைய 6, வெளியேற 9 என்று இரண்டு எல்லை வையுங்கள். எந்த நிலைக்குப் போனாலும் குறைந்தது ஒரு விநாடியாவது அதில் இருக்க வேண்டும் என்று ஒரு டைமரும் சேர்த்துவிட்டால் அநேகமாக வேறு எதுவும் தேவைப்படாது.

நிலை மாறாமல் உடம்பு மட்டும் நடுங்கினால், இலக்கைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து மறுபடி தாண்டுகிறது. விநாடிக்கு 300 பிக்சல் வேகம், 60 ஃபிசிக்ஸ் ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல். "இலக்குக்கு 2 பிக்சலுக்குள் வந்தால் நில்" என்று சொன்னால் அந்த 2 பிக்சலுக்குள் அது எப்படி நிற்கும்? அந்த நிற்கும் தூரத்தை, அதாவது டார்கெட் டிசையர்ட் டிஸ்டன்ஸை, ஒரு ஃபிரேமில் நகரும் தூரத்தைவிடப் பெரிதாக வையுங்கள்.

## அறிகுறி: எல்லாம் ஒரே இடத்தில் குவிகின்றன

எல்லா எருமைக்கும் ஒரே இலக்கைக் கொடுத்தால் வேறென்ன ஆகும். 1980இல் வந்த, நான்கு பேய்கள் நம்மைத் துரத்தும் பேக்-மேன் கேமிலேயே இதற்கு அழகான தீர்வு இருக்கிறது. சிவப்புப் பேய் நேராக நம்மைக் குறிவைக்கும். இளஞ்சிவப்பு நாம் போகும் திசையில் நான்கு கட்டம் முன்னால் குறிவைக்கும். ஆரஞ்சு துரத்திக்கொண்டே வந்து, எட்டுக் கட்டத்துக்குள் நெருங்கியதும் தன் மூலைக்குத் திரும்பும். ஆளுக்கொரு வரி விதி, அதிலேயே நான்கும் பேசி வைத்துக்கொண்டு வளைப்பதுபோல் தெரியும். நாங்கள் மந்தையின் தலைமைப் பசுவுக்கு மட்டும் இலக்கைக் கொடுத்துவிட்டு மற்றவற்றை அதைச் சுற்றி ஆளுக்கொரு தள்ளிய புள்ளியில் நிறுத்தினோம். கிரெய்க் ரெய்னால்ட்ஸ் 1987இல் பறவைக் கூட்டத்துக்குச் சொன்ன மூன்று விதிகளில் (நெருங்கினால் விலகு, அண்டையில் இருப்பவை போகும் திசையில் போ, கூட்டத்தின் நடுவை நோக்கிச் சேர்) முதலாவது மட்டும் எங்களுக்குப் போதுமாக இருந்தது.

குறுகிய பாதையில் எதிரெதிரே வந்து இரண்டும் நகராமல் நின்றால் மலைப்பாதைச் சட்டம்தான்: ஏறி வருவதற்கு இறங்குவது வழிவிட வேண்டும். கோடோவில் அவாய்டன்ஸ் ப்ரயாரிட்டி (விலகுவதில் முன்னுரிமை) என்று 0 முதல் 1 வரை ஒரு எண் இருக்கிறது. குறைந்த எண் உள்ளது அதிக எண் உள்ளதற்கு விலகும். அவாய்டன்ஸை டிக் செய்தால் மட்டும் போதாது. வேகத்தை ஏஜென்டிடம் கொடுத்து, வெலாசிட்டி கம்ப்யூட்டட் சிக்னலில் அது திருப்பித் தரும் வேகத்தில்தான் நகர்த்த வேண்டும்.

## அறிகுறி: அளவுக்கு மீறிக் கெட்டிக்காரத்தனமாக இருக்கிறது

நான் அதிக நாள் செலவழித்தது இதில்தான். புதரின் பின்னால் ஒளிந்தாலும் கண்டுபிடிக்கிறது, பனிக்குள்ளும் தெரிகிறது, கண்ட அதே கணத்தில் பாய்கிறது. விளையாடுபவருக்கு எரிச்சல்தான் வரும்.

இயந்திரப் பக்கத்தை முதலில் முடித்துவிடலாம். பார்வைக் கதிர் (எருமையிடமிருந்து ஆளை நோக்கி நீட்டும், கண்ணுக்குத் தெரியாத கோடு) முதலில் எதில் படுகிறது என்று பார்க்க வேண்டும். புதர் எந்த லேயரில் இருக்கிறதோ அந்த லேயர் கதிரின் மாஸ்கில் (கதிர் கவனிக்கும் லேயர்களின் பட்டியல்) இல்லாவிட்டால் கதிருக்குப் புதர் என்று ஒன்று இல்லவே இல்லை. கதிரை நீட்டும் ரேகாஸ்ட் நோடைத் திருப்பிவிட்டு அதே ஃபிரேமில் விடையைப் படித்தால் பழைய விடைதான் கிடைக்கும், ஃபோர்ஸ் ரேகாஸ்ட் அப்டேட்டைக் கூப்பிட்டுவிட்டுப் படியுங்கள். பனி அடர்த்திக்கு ஏற்றபடி பார்வைத் தூரத்தைக் குறையுங்கள், அது ஒரு பெருக்கல்தான். அப்புறம், எருமைக்கு ஆளின் இப்போதைய இடத்தைத் தராதீர்கள். கடைசியாகப் பார்த்த இடத்தை மட்டும் ஒரு மாறியில் வையுங்கள், மறைந்த பிறகு அது அங்கே போய்த் தேடட்டும். இந்த ஒரு மாற்றத்தில் ஒளிந்து விளையாடுவதற்கே அர்த்தம் வந்தது.

இவ்வளவும் செய்த பிறகும் ஏதோ ஒட்டவில்லை. பக்கத்து லயனில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) இருக்கும் அக்கா ஒருவர் கொழுந்து பறிக்கப் போகிறவர். ஒரு சாயங்காலம் வர்க்கியும் டீயும் கொடுத்து லேப்டாப்பை அவர் முன்னால் வைத்தேன். இரண்டு தடவை விளையாடிவிட்டுச் சொன்னார்: "இது என்ன தம்பி, கிறுக்குப் புடிச்ச மாடா? மாடு முதல்ல தலையத் தூக்கிப் பாக்கும். புஸ்ஸுனு மூச்சு விடும். நாம அப்படியே நின்னு பின்னால வந்துட்டோம்னா அது பாட்டுக்கு மேயும். வழிய மறிச்சாத்தான் வரும்."

என் எருமைக்கு இரண்டே நிலைதான் இருந்தது, மேய்தலும் பாய்தலும். அக்கா ஐந்து சொல்லிவிட்டார். மேய்தல், நிமிர்ந்து பார்த்தல், சீறுதல், பாய்தல், ஒதுங்கிப் போதல். நிமிர்ந்து பார்க்க ஒன்றரை விநாடி, சீற ஒரு விநாடி. அந்த இரண்டரை விநாடியில் விளையாடுபவர் பின்வாங்கலாம். பின்வாங்கினால் மேய்தலுக்குத் திரும்பும். ஒதுங்க வழியே இல்லாமல் நாம் மறித்து நின்றால் மட்டும் பாய்தல். பாயும்போதும் கடைசி அரை விநாடி திசை மாற்றாது, நேராக வரும், அதனால் பக்கவாட்டில் நகர்ந்து தப்பலாம். நிரலில் இது நாற்பது வரிகூடக் கூடவில்லை. எருமை முன்பைவிட மந்தமாகிவிட்டது, கேம் முன்பைவிடப் பயமாகிவிட்டது. அக்கா இரண்டாம் முறை விளையாடியபோது சீறல் சத்தம் கேட்டதும் நாற்காலியை ஒரு அங்குலம் பின்னால் இழுத்துக்கொண்டார்.

## அறிகுறி: எருமைகள் கூடக் கூட கேம் திணறுகிறது

40 எருமைகளும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பாதை கேட்டால் விநாடிக்கு 2400 தேடல். அரை விநாடிக்கு ஒருமுறை கேட்டால் 80 போதும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. எல்லா டைமரும் ஒரே நேரத்தில் அடிக்காமல், தொடக்கத்தில் ஆளுக்கொரு ரேண்டம் தாமதம் கொடுத்துவிடுங்கள்.

## அறிகுறி: பயிற்சி ஓடுகிறது, எதையும் கற்றுக்கொள்ளவில்லை

இங்கிருந்து எம்எல்-ஏஜென்ட்ஸ். இதில் நாம் விதி எழுதுவதில்லை, பரிசும் அபராதமும் வைத்தால் எருமை தானே முயன்று பார்த்துக் கற்றுக்கொள்ளும். அசையவே இல்லை என்றால் அடுத்து என்ன செய்வது என்று கேட்கும் டிசிஷன் ரிக்வெஸ்டரைச் சேர்க்க மறந்திருப்பீர்கள், அல்லது பிஹேவியர் டைப் ஹியூரிஸ்டிக் ஒன்லியில் (கற்றுக்கொள்ளாமல் நாம் எழுதியதை மட்டும் செய்வது) கிடக்கும். பயிற்சி அமைப்பை எழுதி வைக்கும் யாமல் கோப்பில் இருக்கும் பிஹேவியர் பெயரும் இன்ஸ்பெக்டரில் இருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் எழுதிய அமைப்பு அதற்குப் போய்ச் சேராது.

அசைகிறது, ஆனால் கோணலாகக் கற்றுக்கொள்கிறது என்றால் பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள். நான் எடுத்து வைக்கும் ஒவ்வொரு எட்டுக்கும் 0.01 அபராதம் வைத்தேன், சீக்கிரம் போகட்டும் என்று. பள்ளத்தில் விழுந்தால் 1 அபராதம். ஒரு சுற்றுக்கு 500 எட்டு. எருமை நேராக ஓடிப்போய்ப் பள்ளத்தில் குதித்தது, ஒவ்வொரு முறையும். தவறு அதனுடையது இல்லை. உயிரோடு தடவிக்கொண்டிருந்தால் 5 நஷ்டம், குதித்தால் 1 சொச்சம். எட்டுக்கு 0.001 என்று குறைத்ததும் முழுச் சுற்றுக்கும் 0.5தான் நஷ்டம், குதிப்பதை விட்டுவிட்டது. 2016இல் ஓப்பன்ஏஐ படகுப் பந்தயம் ஒன்றில் காட்டியதும் இதே கதை: வழியில் இருக்கும் இலக்குகளை அடித்தால் புள்ளி என்றார்கள், படகு பந்தயத்தை முடிக்காமல் திரும்பத் திரும்ப முளைக்கும் இலக்குகளைச் சுற்றியே வட்டமடித்துப் புள்ளி சேர்த்தது, நடுவில் தீப்பிடித்தும் நிறுத்தவில்லை.

மழைக்காலத்தில் நம் பக்கம் கரண்ட் போவதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பயிற்சி நடுவில் நின்றால் அதே ரன்-ஐடியோடு (அந்தப் பயிற்சிக்கு வைத்த பெயர்) ரெசியூம் கொடுங்கள், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். ரெசியூம் இல்லாமல் ஓட்டினால் இந்தப் பெயரில் ஏற்கெனவே இருக்கிறது என்று மறுக்கும். அந்தக் கோபத்தில் ஃபோர்ஸ் போடாதீர்கள். அது பழையதை அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும். இரண்டு இரவு ஓட்டியதை அப்படித்தான் தொலைத்தேன்.

பழகிய இடத்தில் நன்றாக நடந்து புது வரைபடத்தில் திணறினால், ஒரே தோட்டத்தை மனப்பாடம் செய்திருக்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் மரங்களையும் தொடங்கும் இடத்தையும் மாற்றிப்போடுங்கள். எங்கள் கேமில் கடைசியில் அந்தப் பயிற்சி எருமை இல்லை. அக்காவின் ஐந்து நிலை எருமைதான் இருக்கிறது. கற்றுக்கொள்ள எம்எல்-ஏஜென்ட்ஸ் நல்லது. சின்ன கேமை முடித்து வெளியிட வேண்டும் என்றால் ஐந்து நிலை போதும் என்பது என் கட்சி.

## அறிகுறி: சாட்பாட் எழுதித் தந்த கோட் முழுக்கச் சிவப்பு

கோடோ 4.0 மார்ச் 2023இல் வந்தது. இணையத்தில் குவிந்து கிடப்பதில் நிறையப் பங்கு அதற்கு முந்தைய 3ஆம் பதிப்பின் நிரல். சாட்பாட் இரண்டையும் கலந்து தரும். கைனமேட்டிக்பாடி2டி என்று பார்த்தால் கேரக்டர்பாடி2டி ஆக்குங்கள். ஈல்டுக்கு அவெய்ட், இன்ஸ்டன்ஸுக்கு இன்ஸ்டான்ஷியேட். எக்ஸ்போர்ட், ஆன்ரெடி இரண்டுக்கும் முன்னால் @ குறி. மூவ் அண்ட் ஸ்லைடின் அடைப்புக்குறிக்குள் இப்போது எதுவும் வராது, வேகத்தை வெலாசிட்டியில் முன்பே எழுதிவிட வேண்டும்.

பெயரே கேள்விப்படாத ஃபங்ஷன் ஒன்றைத் தந்தால் எஃப்1 அழுத்திக் கோடோவின் உதவியில் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் அது எங்கேயும் இல்லை, சாட்பாட் தானாகச் சூட்டிய பெயர். கேட்கும்போது பதிப்பு எண்ணைச் சொல்லுங்கள், பிழை வரியை அப்படியே ஒட்டுங்கள், ஒரு நேரத்தில் ஒரு ஃபங்ஷன் மட்டும் கேளுங்கள். "கோட் எழுதாதே, இந்த அறிகுறிக்கு என்னென்ன காரணம் இருக்கலாம் என்று மட்டும் சொல்" என்று கேட்டபோதுதான் எனக்கு அதிகம் பயன்பட்டது. பசங்களுக்கு முழு எருமையையும் ஒரே மூச்சில் எழுதித் தரச் சொல்வதில்தான் ஆசை. முந்நூறு வரி வரும், அதில் எந்த வரி நடுங்குகிறது என்று தேடத் தெரியாது.

படம் வரையச் சொன்னால் காட்டெருமைக்குப் பதில் பிடரி முடியோடு அமெரிக்க பைசன் வருகிறது. பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து கோலம் மாதிரி வருகிறது. பலகையைக் காலியாக வாங்கிக்கொண்டு எழுத்தை ஃபான்ட் வைத்து நாமே எழுதிவிடுகிறோம். ஸ்டீமில் வெளியிட நினைத்தால், ஏஐ கொண்டு செய்த படம், ஒலி எது இருந்தாலும் அதைப் படிவத்தில் சொல்ல வேண்டும். 2024 ஜனவரியிலிருந்து இந்த விதி இருக்கிறது.

## அறிகுறி: என் கணினியில் சரி, தம்பியின் கணினியில் எருமை பறக்கிறது

நகர்த்தும் நிரல் ப்ராசஸில் (திரையின் ஒவ்வொரு ஃபிரேமிலும் ஓடுவது) இருக்கும், டெல்டாவால் (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கியிருக்க மாட்டீர்கள். 60 ஹெர்ட்ஸ் திரையில் நடக்கும் எருமை 144 ஹெர்ட்ஸ் திரையில் 2.4 மடங்கு வேகத்தில் ஓடும். நகர்வை ஃபிசிக்ஸ் ப்ராசஸுக்கு மாற்றுங்கள். எருமை இருக்கும் இடத்தை (பொசிஷன்) நீங்களே நேராக மாற்றினால் டெல்டாவால் பெருக்குங்கள். மூவ் அண்ட் ஸ்லைட் பயன்படுத்தினால் வெலாசிட்டியை டெல்டாவால் பெருக்காதீர்கள், அது உள்ளேயே பெருக்கிக்கொள்ளும். இரண்டாம் முறை பெருக்கினால் எருமை நத்தையாகிவிடும், நீங்கள் மறுபடி முதல் அறிகுறிக்குப் போய் "அசையவே இல்லை" என்று படிக்க ஆரம்பிப்பீர்கள்.